ரோடு பைக்கில் எங்கே வலிக்கிறது, பார்க்க ஏன் உறுத்துகிறது: அறிகுறியை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

ரோடு பைக்கில் உடம்பு படும் இடங்கள் மூன்று: சீட், பெடல், ஹேண்டில்பார். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எந்தத் தூரத்தில் இருக்கின்றன என்பதில்தான் சவாரியின் சுகமே இருக்கிறது. அவற்றைத் தாங்கிப் பிடிப்பது ஃபிரேமின் வேலை. ஹேண்டில்பார் சரியான உயரத்தில் இருந்தால், அந்த உயரம் நீளமான ஹெட் டியூபால் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) வந்ததா, அடியில் அடுக்கிய ஸ்பேசர் வளையங்களால் வந்ததா என்று கைக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். அதனால் ‘பார்க்க என்னவோ போல இருக்கிறது’ என்பதையும் வலியோடு சேர்த்து ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஃபிரேம் அளவு பிசகியிருந்தால் பெரும்பாலும் பக்கவாட்டுப் படம் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

கை வைக்கும் முன்

ஆலன் சாவியை எடுப்பதற்கு முன் இப்போதைய நிலையை எழுதிவையுங்கள். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி நான்கு அளவுகள் எடுத்தால் போதும்.

1. பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) மையத்திலிருந்து, சீட் குழாயின் போக்கிலேயே, சீட்டின் மேற்பரப்பு வரை.
2. சீட் மூக்கின் நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பாட்டம் பிராக்கெட் மையத்துக்கு எத்தனை மி.மீ. பின்னால் விழுகிறது.
3. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் மையம் வரை.
4. தரையிலிருந்து சீட்டின் உயரம், தரையிலிருந்து ஹேண்டில்பாரின் உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். மாற்றியது சரிப்படவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி வேண்டும்.

வரிசை முக்கியம்: சீட் உயரம், சீட்டின் முன்பின் நிலை, சீட்டின் சாய்வு, கடைசியில்தான் ஹேண்டில்பார். சீட்டின் இடத்தைத் தீர்மானிப்பது காலும் பெடலும். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளுவது, செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வது போன்றது. எட்டாத குறையை ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) தீர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சீட்டில் 3 முதல் 5 மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். இரண்டு மூன்று சவாரி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

முழங்கால் வலி

முன்பக்கம், சில்லுக்கு அடியில் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது மிக முன்னால் இருக்கிறது. முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சீட் உயரம் அதிகம், அல்லது மிகப் பின்னால். உட்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் சீட்டைத் தொட வேண்டாம். ஷூவின் அடியில் உள்ள கிளீட் திரும்பியிருக்கும் கோணத்தைப் பாருங்கள். நிற்கும்போது பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே கிளீட்டும் விட வேண்டும்.

உயரத்துக்குத் தொடக்கப் புள்ளி: வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்டி நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கவட்டியில் இறுக்கமாக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் வருவது முதல் அளவு. உள்கால் 800 மி.மீ. என்றால் சீட் உயரம் 706. இது வேதவாக்கு அல்ல. பெடலின் தடிமன், ஷூ, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் எல்லாம் இதைச் சில மி.மீ. மாற்றும். சரிபார்க்க எளிய வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது, அடிமட்டத்தில் முழங்கால் முழு நீட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை மடங்கியிருக்கும்.

பின்னாலிருந்து ஒருவர் பார்க்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால், சூத்திரம் என்ன சொன்னாலும் சீட் உயரம் அதிகம்தான். 3 மி.மீ. இறக்குங்கள், ஆட்டம் நிற்கும் வரை.

பலரும் மறக்கும் கணக்கு ஒன்று. சீட் குழாய் சாய்ந்திருப்பதால், சீட்டை 10 மி.மீ. முன்னே தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறையும். எனவே முன்னே தள்ளினால் 3 மி.மீ. ஏற்றுங்கள், பின்னே தள்ளினால் அதே அளவு இறக்குங்கள். இல்லையென்றால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்: பின்னுக்குத் தள்ளி முன்முழங்கால் வலி தீர்ந்திருக்கும், பின்தொடை இழுக்கத் தொடங்கியிருக்கும்.

கால் குட்டையானவர்களுக்குப் பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றை இடித்தால், கிராங்க் நீளத்தைக் கவனியுங்கள். 172.5 மி.மீ.ஐ விட்டு 165க்கு மாறினால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்றலாம், மேலே வரும்போது முழங்கால், இடுப்போடு ஒப்பிட்டால், முன்பைவிட 15 மி.மீ. தாழ்ந்து நிற்கும். முதுகுக்கும் அது நல்லது.

உட்காருமிடத்தில் வலி, மரத்துப்போதல்

முதலில் ரசமட்டத்தை சீட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். சமமாக இருக்கட்டும்; மூக்கு ஓரிரு பாகை தாழ்ந்திருந்தால் தவறில்லை. மேல்நோக்கிய மூக்கு மென்மையான இடத்தை அழுத்தி மரத்துப்போக வைக்கும். அதற்குப் பயந்து நாலைந்து பாகை கீழே சாய்த்தால் உடம்பு வழுக்கி முன்னே வரும், அந்த எடை முழுதும் உள்ளங்கையில் இறங்கும். கை மரக்கிறது என்று வருபவர்களில் கணிசமானோரின் கோளாறு சீட்டில்தான் இருக்கும்.

அகலத்துக்கு: நெளி அட்டையைக் கடினமான முக்காலியில் போட்டு, முன்னே குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதியும். குழிகளின் மையங்களுக்கு இடையே அளந்து, அதைவிட 20 மி.மீ. அளவுக்குக் கூடுதல் அகலமுள்ள சீட்டிலிருந்து தொடங்குங்கள். குனிவு கூடக்கூட இடுப்பு முன்னே உருண்டு, எடை தாங்கும் பகுதி குறுகும். அதனால் நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அகலமானது ஒத்துப்போகும். மெத்தென்ற சீட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். எலும்பு பஞ்சில் புதைந்தால் நடுப்பகுதி பிதுங்கி மேலே வந்து அழுத்தும்.

அதிர்வுதான் தொந்தரவு என்றால் ஃபிரேமைத் திட்டுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். 70 கிலோ ஆள், 28 மி.மீ. டயர் என்றால் ஐந்து பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அலகு) சற்றுக் குறைவாகவே தொடங்கலாம். கொக்கியில்லாத ரிம்களில் (டயரைப் பிடிக்கும் உள் மடிப்பு இல்லாதவை) ஐந்து பார்தான் உச்சவரம்பு; டயரில் குறித்திருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்ணே கணக்கு. 25லிருந்து 28க்கோ 30க்கோ மாறுவது எந்த ஃபிரேம் மாற்றத்தையும்விட அதிக மென்மை தரும். மலிவும்கூட.

கை, கழுத்து, முதுகு: ஃபிரேமின் எண்கள் பேசுமிடம்

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரம் அழுந்துகிறது. கட்டைவிரல் பக்கம் மரத்தால் மணிக்கட்டு பின்னே மடங்கி நிற்கிறது. ஹூட்களை (பிரேக் லீவரின் ரப்பர் பிடிகள்) சற்று மேலேயோ உள்ளேயோ திருப்பி, முன்கையும் கையும் ஒரே கோட்டில் வரச்செய்யுங்கள். இரண்டு விதத்திலும் மூலகாரணம் பெரும்பாலும் கையில் விழும் அதிக எடை. டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) சைக்கிளை மாட்டி, மிதமாக மிதித்துக்கொண்டே இரு கைகளையும் ஹூட்டிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். உடம்பு முன்னே சரிந்தால் சீட் மிக முன்னால் இருக்கிறது, அல்லது ஹேண்டில்பார் மிகத் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது.

கழுத்தின் பின்புறம் இறுகினால் ஹேண்டில்பாரின் உயரக் குறைவை முதலில் சந்தேகியுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எரிந்தால் தூரத்தை. ஹேண்டில்பார் தோளைவிட அகலமாக இருந்தாலும் இதே எரிச்சல் வரும். தோள் முட்டுகளுக்கு இடையே அளந்து 38, 40, 42 செ.மீ. என்பதில் நெருங்கியதை எடுங்கள். இடுப்புக்கு மேல் வலித்தால் தூரம், தாழ்வு, ஆடும் இடுப்பு என மூன்றில் எதுவும் காரணமாகலாம். இடுப்பு ஆட்டத்தை முன்பே தீர்த்திருந்தால் முதல் இரண்டுதான் மிச்சம்.

இனி ஃபிரேமின் அளவு அட்டவணையைத் திறந்துகொள்ளுங்கள். 52, 54, 56 என்ற எண்ணையோ எம், எல் என்ற எழுத்தையோ நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 56 ஆக இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு. பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து ஹெட் டியூபின் உச்சி வரை செங்குத்தாக உள்ள தூரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையே கிடைமட்டத் தூரம் ரீச். ஹேண்டில்பார் எங்கே வரும் என்பதை ஃபிரேம் தீர்மானிப்பது இந்த இரண்டால்தான்.

டாப் டியூப் (ஃபிரேமின் மேல் குழாய்) நீளத்தை வைத்து ஒப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் ஒரு பொறி உண்டு. இரண்டு ஃபிரேம்கள், இரண்டிலும் கிடைமட்டமாகக் கணக்கிட்ட டாப் டியூப் 545 மி.மீ., ஸ்டாக் 550. ஒன்றின் சீட் குழாய்க் கோணம் 73 பாகை, மற்றதில் 74. முதலாவதன் ரீச் 377, இரண்டாவதன் ரீச் 387. அட்டவணையில் இரட்டையர் போலத் தெரிந்தவை 10 மி.மீ., அதாவது ஒரு ஸ்டெம் அளவு, வேறுபடுகின்றன. சிறிய அளவு ஃபிரேம்களில் சீட் குழாய் நிமிர்ந்தே இருப்பதால், ‘எட்டவில்லை, ஓர் அளவு சின்னது வாங்கலாம்’ என்று போகிறவருக்கு டாப் டியூப் 15 மி.மீ. குறைந்தும் ரீச் ஐந்தாறு மி.மீ.தான் குறைந்திருக்கும். ஸ்டாக் மட்டும் 20 மி.மீ. இறங்கியிருக்கும். தூரத்தைத் தீர்க்கப் போய்த் தாழ்வை வாங்கிய மாதிரி.

பந்தய வகைக்கும் நெடுந்தூர வகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் எண்ணிலேயே பார்க்கலாம். 54 அளவில் பந்தய ஃபிரேம் ஒன்று ஸ்டாக் 545, ரீச் 384 என்று இருக்கும். நெடுந்தூர ஃபிரேம் 574, 375 என்று இருக்கும். ஹெட் டியூப் 73 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசரும் ஹேண்டில்பாரை 9.5 மி.மீ. உயர்த்தி, 3 மி.மீ. பின்னே கொண்டுவரும். பந்தய ஃபிரேமில் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 574, 375. இரண்டும் ஒரே புள்ளி! கையைப் பொறுத்தவரை ஒரே சைக்கிள். ஆனால் முதலாவது தன் கடைசி ஸ்பேசரில் நிற்கிறது, இரண்டாவதில் இன்னும் மேலே போக இடமிருக்கிறது. கார்பன் ஸ்டீரரில் (ஹெட் டியூபுக்குள் ஏறும் ஃபோர்க்கின் குழாய்) ஸ்பேசருக்குத் தயாரிப்பாளர் வைக்கும் வரம்பு பொதுவாக 30, 40 மி.மீ. அளவில்தான், கையேட்டில் பார்க்காமல் அதைத் தாண்டாதீர்கள்.

ஸ்டெம்மைத் திருப்பி மாட்டுவது செலவில்லாத வைத்தியம். 100 மி.மீ. நீளம், மைனஸ் 6 பாகை (ஸ்டீரருக்குச் செங்குத்தான கோட்டைவிட 6 பாகை கீழ்நோக்கிய) ஸ்டெம்மைத் தலைகீழாக்கினால் ஹேண்டில்பார் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. நெருங்கும். உயரம் சரி, தூரம் மட்டும் அதிகம் என்றால் 10 மி.மீ. குட்டையான ஸ்டெம். 80க்குக் கீழே போக வேண்டிவந்தால் ஃபிரேம் நீளம். 130க்கு மேல் தேவைப்பட்டால் ஃபிரேம் குட்டை. ஸ்டெம்முக்கு முன் ஹேண்டில்பாரின் ரீச்சையும் (அது முன்னே நீளும் தூரம்) பாருங்கள்: 85 மி.மீ. உள்ளதை 70 மி.மீ. உள்ளதாக மாற்றினால் ஹூட்கள் 15 மி.மீ. அருகே வரும், பக்கவாட்டுத் தோற்றம் கெடாது. கேபிள்களும் ஹோஸ்களும் ஸ்டெம்முக்குள்ளேயே ஓடும் ஒருங்கிணைந்த ஹேண்டில்பார் என்றால் இந்தச் சோதனைகள் எதுவும் பத்து நிமிட வேலை இல்லை. சிலவற்றில் ஹைட்ராலிக் ஹோஸைக் கழற்றி பிரேக்கில் காற்று எடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய சைக்கிளை வாங்கும் முன்பே அளவைத் தீர்மானித்துவிட வேண்டும்.

ஷூ முனை முன்சக்கரத்தில் இடிக்கிறது

மெதுவாகத் திரும்பும்போது மட்டும் இடித்தால் பதற வேண்டாம். சிறிய ஃபிரேமில் 700சி சக்கரம் (ரோடு பைக்கின் வழக்கமான அளவு) வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான். வேகத்தில் ஹேண்டில்பார் சில பாகைகளே திரும்புவதால் அங்கே இடிக்காது. மெல்லத் திரும்பும்போது வெளிப்பக்கப் பெடல் முன்னால் இல்லாதபடி பழகிக்கொள்ளலாம். குறைக்க வேண்டுமென்றால் 165 கிராங்க். கிளீட்டை விரல் பக்கமாக நகர்த்தினால் பாதம் பின்னே போகும், ஆனால் கெண்டைக்கால் களைக்கும். பாதம் எரிகிறது என்று கிளீட்டைப் பின்னே தள்ளியவர்களுக்கு இந்த இடிப்பு புதிதாக முளைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்ன ஃபிரேம்களில் திருப்பம் மந்தமாகத் தோன்றுவதற்கும் இதே சக்கரம்தான் மூலம். இடிப்பைத் தவிர்க்க ஹெட் டியூபை 71 பாகைக்குச் சாய்ப்பார்கள். ஃபோர்க் ஆஃப்செட் (திருப்ப அச்சுக்கு முன்னே சக்கர அச்சு தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ. என்றே விட்டால், 73 பாகையில் 57 மி.மீ. ஆக இருந்த டிரெயில் (திருப்ப அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது என்ற அளவு) 69க்கு ஏறிவிடும். சக்கரம் நேராகவே போகப் பார்க்கும். ஆஃப்செட்டை 53 ஆக்கினால் 61க்கு இறங்கும். ஆகவே சின்ன அளவுகளுக்கென்று தனி ஃபோர்க் ஆஃப்செட் கொடுத்திருக்கிறார்களா என்று அட்டவணையில் பாருங்கள். எல்லா அளவுக்கும் ஒரே எண் போட்டிருந்தால், நடுத்தர அளவை மனதில் வைத்து வடிவமைத்த சைக்கிள் அது.

பார்க்க உறுத்துகிறது

சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கேமராவைச் சக்கர அச்சுக்குச் சற்று மேலே பிடித்து, எட்டிநின்று பக்கவாட்டில் படமெடுங்கள். சாய்வாகவோ கிட்டத்திலிருந்தோ எடுத்தால் கோணங்கள் பொய் சொல்லும்.

படத்தில் சீட் போஸ்ட் ஒரு கைப்பிடி அளவே வெளியே தெரிகிறது என்றால், டாப் டியூப் தரைக்கு இணையாக உள்ள பழைய பாணி ஃபிரேமில் அது சரியான அளவு. அதே கைப்பிடி, டாப் டியூப் பின்னோக்கிச் சரியும் ஃபிரேமில் தெரிந்தால் ஃபிரேம் பெரியது. சரிவான வடிவம் 1990களின் பிற்பகுதியில் ஜயன்ட் கம்பெனியின் டிசிஆர் சைக்கிள் வழியாகப் பரவியது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பரோஸின் வடிவமைப்பு. குறைந்த அளவுகளிலேயே பலருக்கும் பொருத்திவிடலாம் என்பது அதன் வசதி. அதன் விளைவாகச் சீட் போஸ்ட் நீளமாகத் தெரிவது இப்போது இயல்பாகிவிட்டது. போஸ்ட்டில் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரிந்தால் அழகு பேச்சுக்கே இடமில்லை, ஓட்டக் கூடாது.

சீட் அதன் கம்பிகளின் கடைசி முனையில் பிடிக்கப்பட்டிருந்தால் சீட் குழாய்க் கோணம் தொடை நீளத்துக்கு ஒத்துவரவில்லை. பின் எல்லையில் நின்றால் 20 அல்லது 25 மி.மீ. பின்வாங்கிய போஸ்ட், முன் எல்லையில் நின்றால் நேர் போஸ்ட். மாற்றியதும் சீட் கம்பியின் நடுவுக்கு வந்துவிடும், படமும் அடங்கிவிடும்.

ஸ்பேசர் கோபுரத்தைக் குறைக்க, கையின் இடத்தை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது. மைனஸ் 17 பாகை ஸ்டெம் தரைக்கு இணையாக நின்று பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதன் அடியில் 30 மி.மீ. ஸ்பேசர் இருந்தால் அந்த லட்சணத்துக்கு அர்த்தமில்லை. அதே 100 மி.மீ. நீளத்தில் மைனஸ் 6 போட்டால் 19 மி.மீ. உயரம் கிடைக்கும், 20 மி.மீ. ஸ்பேசரை எடுத்துவிடலாம். ஹேண்டில்பார் அதே உயரத்தில், 4 மி.மீ. மட்டும் முன்னே. இன்னும் உயரம் வேண்டும் என்றால் நடுப்பகுதி 15, 20 மி.மீ. எழும்பிய டிராப் ஹேண்டில்பார்கள் கிடைக்கின்றன. மேல்நோக்கிய ஸ்டெம்மைவிட அவை கண்ணை உறுத்துவது குறைவு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்பேசரே இல்லாமல் ஸ்டெம்மை அடியோடு இறக்கிய சைக்கிள் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஓட்டுபவர் டிராப்பில் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவு) கை வைப்பதே இல்லை, ஹூட்டில்கூட முழங்கை விறைத்தே இருக்கிறது என்றால் அந்த அழகு கடன் வாங்கியது. 15 மி.மீ. ஏற்றி, டிராப்பில் பத்து நிமிடம் இருக்க முடிகிறதா பாருங்கள்.

ஒரே படத்தில் இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வந்தால் பாகங்களுக்குச் செலவழிப்பதை நிறுத்துங்கள். முழு ஸ்பேசரும் மேல்நோக்கிய ஸ்டெம்மும் இருந்து, போஸ்ட்டும் எல்லை வரை வெளியே நின்றால் ஃபிரேம் ஓர் அளவு சிறியது. குட்டை ஸ்டெம்மும் வெளியே தெரியாத போஸ்ட்டும் சேர்ந்தால் பெரியது. முழு ஸ்பேசரும் குட்டை ஸ்டெம்மும் சேர்ந்தால் அளவு அல்ல, வகை தவறு: பந்தய ஃபிரேமில் நெடுந்தூர உடம்பு.

இறுக்குவதும் வெட்டுவதும்

ஸ்டெம்மை மாற்றும்போது முதலில் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு மேல் மூடி போல்ட்டைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்டீரரின் முனை, அதற்கு மேலுள்ள ஸ்பேசர் அல்லது ஸ்டெம்மின் விளிம்பைவிட 2, 3 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், சமமாக இருந்தால் மூடி குழாயில் முட்டி, ஹெட்செட் (ஹெட் டியூபின் பேரிங் தொகுதி) இறுகாது. மூடி போல்ட்டின் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்பின் அசைத்தால் தட்டக் கூடாது, முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தானாகத் திரும்ப வேண்டும். அதன் பிறகே பக்க போல்ட்டுகளை மாறிமாறி, ஸ்டெம்மில் பொறித்திருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். கார்பன் போஸ்ட்டுக்குக் கிரீஸ் போடாமல் கார்பன் பேஸ்ட் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும்.

கண்டுபிடித்த உயரம் பிடித்துப்போனாலும் ஸ்டீரரை உடனே வெட்டாதீர்கள். மிச்ச ஸ்பேசர்களை ஸ்டெம்முக்கு மேலே போட்டுவைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். வெட்டும் நாளிலும் ஸ்டெம்முக்கு மேல் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று நிற்கும்படி வெட்டுங்கள். அப்போது ஸ்டெம்மின் மேல் போல்ட்டு ஸ்டீரரின் முனையை நசுக்காமல் முழுக் குழாயைக் கவ்வும்.